அடுப்படியில் தேடிய குற்றவாளி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வரவேற்புரை நல்கிய நூலகர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, இந்த மழையிலும் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் பணிவான வணக்கம்.

நீதிபதி ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றி கெட்டவளாவேன். தன் சட்டப் புத்தகங்கள் இரண்டு பீரோவையும் இந்த நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். நான் புரியாமல் போய் நின்றபோதெல்லாம் ஜாமீன் என்றால் என்ன, சாட்சியம் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். உறுப்பினர் அம்மா மட்டும் முயற்சி எடுக்காமல் இருந்திருந்தால், இந்தக் கூரை ஒழுகி நாம் எல்லோரும் இப்போது நனைந்துகொண்டிருப்போம். தலைமையாசிரியை தன் பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் இங்கே அனுப்பி வைக்கிறார். மூவருக்கும் கைதட்டல் கொடுங்கள். நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மறந்துபோன பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொலைகள். கொலைக் கதை கேட்பதில் நமக்கு என்றைக்குமே ஆசை குறைந்ததில்லை. நம்மூரில் கொலைச்சிந்து என்று போட்டுச் சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்றார்கள். சாணித்தாள், சின்னப் புத்தகம், சில்லறைக் காசு. லண்டனிலும் அதே கதைதான். தூக்குப் போடுகிற நாளில், கூட்டத்துக்கு நடுவே குற்றவாளியின் பேரில் பாட்டு அச்சடித்து ஒரு பென்னிக்கு விற்றார்கள்.

இன்று மூன்று வழக்குகளைச் சொல்லப் போகிறேன். லண்டனில் 1815, ரோடு என்ற கிராமத்தில் 1860, கிளாஸ்கோவில் 1862. அப்புறம் துப்பறியும் போலீஸ் என்று ஒன்று எப்படி உருவானது என்பதையும் சொல்கிறேன். மூன்று வழக்குக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும். என் அம்மா அடிக்கடி சொல்வது: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதலில் லண்டன். சான்சரி லேன் என்பது வக்கீல்கள் நிறைந்த தெரு. அங்கே டர்னர் என்று ஒரு குடும்பம். வக்கீல்களுக்கு வேண்டிய தாள், பத்திரம் எழுதிக் கொடுக்கிற தொழில். அந்த வீட்டுச் சமையலுக்கு எலிசா ஃபென்னிங் என்ற பெண் வந்து சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 1815 மார்ச் 21, மதியச் சாப்பாடு. எலிசா டம்ப்ளிங் செய்தாள். பூரணம் வைக்காத கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாவைப் புளிக்க வைத்து அவிப்பது. அன்றைக்கு மாவு பொங்கவே இல்லை. உருண்டை கனமாகவும் கறுத்தும் இருந்தது. சாப்பிட்ட வீட்டு எஜமானிக்கு வயிற்றைப் பிடுங்கியது. கணவருக்கு வாந்தி, மாமனாருக்கு வாந்தி, தொழில் பழக வந்த பையனுக்கும் வாந்தி. எலிசாவும் அதையே சாப்பிட்டாள், அவளும் சுருண்டு விழுந்தாள். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். விஷம் வைத்தவள் தானே எடுத்துத் தின்பாளா?

யாரும் சாகவில்லை. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டு அலுவலக அறையில் ஒரு மேசை இழுப்பறை. எலிக்கு வைக்கிற பாஷாணம், அதாவது ஆர்சனிக், அதில்தான் இருந்தது. இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. அடுப்புப் பற்றவைக்கிற பழைய தாளும் அதே இழுப்பறையில். வீட்டில் இருந்த யார் வேண்டுமானாலும் கைவிடலாம். ஆனால் பழி போனது நேரே அடுப்படிக்கு. கொஞ்ச நாள் முன்பு, வேலை பழகும் பையன்களின் அறைக்கு அரைகுறை உடையில் போனாள் என்று எஜமானி அவளைத் திட்டியிருந்தார். அந்தக் கோபத்தில் விஷம் வைத்தாள் என்றார்கள்.

சாட்சி சொல்ல வந்த வைத்தியர், அந்த உருண்டையை வெட்டிய கத்தி கறுத்துப்போனது, அதனால் பாஷாணம்தான் என்றார். பாஷாணம் கத்தியைக் கறுக்க வைக்காது. ஆனால் நீதிமன்றம் நம்பியது. பாஷாணத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை வெளியானதே 1836-ல்தான். எலிசாவை 1815 ஜூலை 26 அன்று நியூகேட் சிறை வாசலில் தூக்கிலிட்டார்கள். 22 வயது. யாரும் சாகாத வழக்கில் ஒரு தூக்கு. கொல்லும் எண்ணத்தோடு விஷம் கொடுத்தாலே மரணதண்டனை என்று அப்போது சட்டம் இருந்தது. கடைசி மூச்சு வரை நான் செய்யவில்லை என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். அவள் சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தார்கள். அதுவரை எலிசா யாரென்றே தெரியாதவர்கள். தெருவில் இருந்தவர்களுக்குப் புரிந்தது நீதிமன்றத்துக்குப் புரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்த இடத்தில் என் அம்மா கதையைச் சொல்லியாக வேண்டும். எலிசாவைப் பற்றி முதல்முறை படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மா ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, மாவாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த வீட்டு அம்மா முறுக்கு மாவு பிசைய உட்கார்ந்தார். விரலில் கல் மோதிரம். மாவு ஒட்டும் என்று கழற்றி எங்கேயோ வைத்தார். முறுக்கு சுட்டு முடித்துக் கை கழுவிப் பார்த்தால் மோதிரம் இல்லை.

வீட்டில் அன்றைக்கு எட்டுப் பேர். மூத்த மருமகள், இளைய மருமகள், ஊரிலிருந்து வந்த நாத்தனார், பேரப்பிள்ளைகள், கேஸ் சிலிண்டர் மாட்ட வந்த பையன். யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'லட்சுமி, கொஞ்சம் இங்கே வா' என்றுதான் கூப்பிட்டார்கள். என் அம்மா பெயர் லட்சுமி இல்லை. அந்த வீட்டில் யார் வேலைக்கு வந்தாலும் லட்சுமிதான்.

முந்தானையை உதறச் சொன்னார்கள். உதறினார். கொண்டுபோன ஒயர்கூடையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். கவிழ்த்தார். வெற்றிலைப் பை, ஒரு பத்து ரூபாய் நோட்டு, எனக்கு வாங்கின ரிப்பன். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். அம்மா தயங்காமல் கற்பூரத்தை ஏற்றி அணைத்தார். அப்பவும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத்தான் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. தெருவில் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, யாரிடம் என்று இல்லாமல், 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த வீட்டுப் பேத்தி ஓடி வந்து கூப்பிட்டாள். நானும் கூடவே போனேன். விஷயம் என்னவென்றால், அந்த அம்மா மோதிரத்தைக் கழற்றி அரிசி அளக்கிற உழக்குக்குள் போட்டிருக்கிறார். யாரோ உழக்கோடு அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டார்கள். மோதிரம் அரிசிக்குள் இறங்கிவிட்டது. டிரம் பாதி காலியானபோது, அளந்த அரிசியோடு சேர்ந்து முறத்தில் வந்து விழுந்திருக்கிறது. அவர் கையாலேயே புடைக்கும்போது கண்டெடுத்தார்.

மன்னிப்பு என்ற ஒரு சொல் வரவில்லை. 'கிடைச்சிடுச்சு, நாளையிலிருந்து வா' என்றார். எவர்சில்வர் தூக்கு நிறைய முறுக்கு போட்டுக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டார். வழியிலேயே முறுக்கைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார், எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுக்கும்படி சொன்னார். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது அல்லவா, அதற்காக உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்பினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்ததே அந்தச் சர்க்கரைதான். அந்த வீட்டுக்கு அவர் திரும்பப் போகவில்லை.

மன்னியுங்கள், கொஞ்சம் நீண்டுவிட்டது. நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ரோடு கிராமத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம். ரோடு ஹில் ஹவுஸ் என்ற பெரிய வீடு. சாமுவேல் கென்ட் என்ற அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர், அவருடைய இரண்டாம் மனைவி, முதல் தாரத்துப் பிள்ளைகள், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், வேலையாட்கள். 1860 ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு. நாலு வயது நிறையாத சேவில் என்ற குழந்தை, ஆயா எலிசபெத் காஃப் தூங்கும் அறையிலேயே அவனுடைய கட்டிலில் படுத்திருந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆயா கண்விழித்தாள், கட்டில் காலி. அம்மா வந்து தூக்கிப் போயிருப்பார் என்று நினைத்தாள். போகவில்லை. தோட்டத்தில் வேலையாட்கள் பயன்படுத்தும் கழிப்பறைக்குள் குழந்தையின் உடல் கிடைத்தது. கழுத்து அறுபட்டிருந்தது.

உள்ளூர் போலீசின் கண் ஆயா மேல் பாய்ந்தது. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாமல் எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் வந்தார். 1842-ல் ஸ்காட்லாந்து யார்டு, அதாவது லண்டன் போலீஸ் தலைமையகம், துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது எடுத்த முதல் எட்டுப் பேரில் ஒருவர். அவர் ஆயாவைப் பார்க்கவில்லை, சலவைக் கணக்கைப் பார்த்தார். முதல் தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு 16 வயது. அவளுக்கு மூன்று இரவு உடைகள், இப்போது இருப்பது இரண்டு. மூன்றாவது எங்கே? வெளுக்கப் போட்டதில் தொலைந்துவிட்டது என்றாள் கான்ஸ்டன்ஸ். தொலைத்தது சலவைக்காரி என்று ஆகிவிட்டது பாருங்கள், அங்கேயும் ஒரு ஏழைப் பெண். விச்சர் அதை ஏற்கவில்லை. ஜூலை 16 அன்று கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார்.

ஊர் கொதித்தது. ஒரு கனவான் வீட்டுப் பெண்ணை, தோட்டக்காரர் மகன் ஒருவர் கைது செய்வதா? பத்திரிகைகள் விச்சரைக் கிழித்தன. சான்று போதவில்லை என்று அவளை விட்டுவிட்டார்கள். இரத்தக்கறை படிந்த ஓர் உள்ளாடை சமையலறை அடுப்புக்குள் உள்ளூர் போலீசுக்கு, குழந்தையின் உடல் கிடைத்த அன்றே கிடைத்திருந்தது. அதை விச்சரிடம் சொல்லவே இல்லை. விச்சர் தலைகுனிந்து லண்டன் திரும்பினார். அவர் போனதும் என்ன நடந்தது தெரியுமா? அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆயா எலிசபெத்தையே மறுபடியும் பிடித்து நீதிபதிகள் முன் நிறுத்தினார்கள். அவள் மேல் ஒன்றும் நிற்கவில்லை, விட்டார்கள். ஆனால் சந்தேகம் அவள் கூடவே போனது.

1865-ல் கான்ஸ்டன்ஸே, பிரைட்டனில் ஒரு பாதிரியாரிடம் மனம்விட்டுப் பேசிய பிறகு, நான்தான் செய்தேன் என்று லண்டனில் வந்து சொன்னாள். தூக்குத் தண்டனை, பிறகு ஆயுள் தண்டனை. இருபது ஆண்டு சிறையில் இருந்து 1885-ல் வெளியே வந்து, ஆஸ்திரேலியா போய், பெயரை மாற்றிக்கொண்டு, செவிலியாக வேலை பார்த்து, 1944-ல் நூறு வயதில் இறந்தாள். அவள் ஒருத்தியே செய்தாளா, அவளுடைய தம்பிக்கும் பங்குண்டா என்று இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறை இல்லை. அந்த ஐந்து ஆண்டுகள் ஆயா எலிசபெத் எப்படித் தூங்கினாள் என்பதுதான் என் கேள்வி. விச்சரின் பெயர் இன்றும் புத்தகங்களில் நிற்கிறது. காஃப் என்ற பெயரை இன்று இந்த மண்டபத்தில் முதன்முதலாகக் கேட்டவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

1851 மக்கள் கணக்கெடுப்பில் பிரிட்டனில் வீட்டு வேலையாட்கள் பத்து லட்சத்துக்கு மேல். அந்தக் காலத்துச் செல்வந்தர் வீட்டில் எதாவது காணாமல் போனால், யாராவது செத்தால், முதலில் திறக்கும் கதவு அடுப்படிக் கதவு. கிளாஸ்கோவிலும் அதே. ஜெஸ் மெக்பெர்சன் என்ற பணிப்பெண் கொலையானாள், ஜெஸி மெக்லாக்லன் என்ற அவளுடைய தோழிக்குத் தண்டனை. வீட்டில் இருந்த பெரியவர்தான் செய்தார் என்று ஜெஸி நீதிமன்றத்தில் சொன்னாள். விரிவாகச் சொல்ல நேரமில்லை, அடுத்த ஆண்டு கூப்பிட்டால் அதை மட்டும் சொல்கிறேன். துப்பறியும் போலீஸ் கதையும் அப்போதுதான்.

இன்று நம் தெருவுக்கு வாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை முடித்து இறங்கும் அக்காக்களின் பையைக் காவலாளி திறந்து பார்க்கிறார். தினமும். மாடியில் இருப்பவர்களின் பையைப் பார்ப்பதில்லை. இதில் நம்மில் எத்தனை பேருக்கு உறுத்தல் இருக்கிறது? தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் 2007-ல் அமைக்கப்பட்டது, அது நல்ல செயல். ஆனால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த, வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. வேலை நேரம், ஓய்வு நாள், வீட்டுக்குள்ளே மரியாதை, எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்தில் ஒரு வேலை ஒப்பந்தம் இருந்திருந்தால், என் அம்மாவுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து அனுப்ப அந்த வீட்டுக்குத் தைரியம் வந்திருக்காது.

அதனால்தான் இந்த மேடையில் கொலைக் கதை பேச ஒப்புக்கொண்டேன். அந்த உடன்படிக்கையை உறுதி செய்யக் கோரும் விண்ணப்பம் வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், நீலநிற நோட்டாக இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். தலைவர் ஐயா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார், தலைமையாசிரியையும் போட்டுவிட்டார். முதல் பக்கத்தில் முதல் வரி என் அம்மாவுடையது. எழுபத்தொரு வயதில் எழுத்துக்கூட்டி எழுதினார். அந்த வீட்டில் கூப்பிட்ட லட்சுமி என்ற பெயரை எழுதவில்லை, அவருடைய சொந்தப் பெயரை எழுதியிருக்கிறார். போகும்போது படித்துப் பாருங்கள்.

வாய்ப்புக் கொடுத்த வாசகர் வட்டத்துக்கு நன்றி. வணக்கம்.