பேர் பெரிசா, வேலை பெரிசா?

வணக்கம். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "சார், பொண்ணுக்கு ரெண்டு இன்டர்ன்ஷிப் வந்திருக்கு. ஒண்ணு சென்னையில பெரிய பேரு, இன்னொண்ணு சேதராப்பட்டுல சின்ன கம்பெனி. அவ கன்சல்டிங், அதான் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ற வேலைக்குத்தான் போவேங்குறா. எதுல சேர்றது?" சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற பதிலா அது! அங்கே போனால் என்ன வேலை கொடுப்பார்களாம் என்று கேட்டேன். தெரியாதாம். பேர் தெரிகிறது, உதவித்தொகை தெரிகிறது, வேலைதான் தெரியவில்லை.

எனக்கும் படிக்கிற காலத்தில் இப்படி இரண்டு வந்தது. ஒன்று சென்னையில் கண்ணாடிக் கட்டடம், இன்னொன்று பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற கொட்டகை. பண்ருட்டிக்குப் போனேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, சென்னையில் தங்க இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளிக்கு ஒரே கவலை, பருப்பு உடைகிறது. முந்திரியில் 320 என்று ஒரு தரம் உண்டு, ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும். அதே பருப்பு இரண்டாக உடைந்தால் விலை இறங்கிவிடும். தோல் உரிக்கிற பெண்களுக்குக் கவனம் பத்தவில்லை என்று அவர் தீர்மானமாகச் சொன்னார். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து தட்டுத் தட்டாக எண்ணினேன், இரண்டு வாரம். யார் உரித்தாலும் சில தட்டுகள் மட்டும் நொறுங்கின, எல்லாமே உலர்த்தும் அறையில் கூடுதல் நேரம் கிடந்தவை. ஈரம் போய்விட்டால் பருப்பு கை பட்டாலே உடையும். இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கிருந்த ஒரு அக்கா முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார்: "தம்பி, ரொம்பக் காஞ்சா எங்க கையில என்ன இருக்கு?" அவரிடம் யாரும் கேட்டதில்லை. எண்ணிக் காட்டியதும் முதலாளி உலர்த்தும் நேரத்தைக் குறைத்தார்.

பிறகு ஒரு கன்சல்டிங் நேர்காணலில் "இந்தக் கம்பெனிக்கு லாபம் ஏன் குறைந்தது, கண்டுபிடி" என்றார்கள். எனக்கு அந்தத் தட்டுகள்தான் ஞாபகம் வந்தன. விலையா, செலவா, சேதாரமா என்று பிரித்துக்கொண்டே போனேன். கண்ணாடிக் கட்டடத்துக்குப் போன நண்பன் இரண்டு மாதமும் ஸ்லைடில் எழுத்தை நேராக்கிக்கொண்டிருந்தான், பாவம்.

இதனால் பேருக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டேன். ரெஸ்யூமே கட்டைப் பிரிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது பேர்தான். ஆனால் நேர்காணலில் உட்கார்ந்த பிறகு அந்தப் பேர் உங்களுக்காகப் பேசாது. மெக்கின்சி என்கிற பெரிய கன்சல்டிங் கம்பெனியை 1926-ல் சிகாகோவில் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சியே ஒரு கணக்கியல் பேராசிரியர், கணக்கை வைத்துத் தொழிலைப் படித்தவர். அதனால் திரும்பவும் சொல்கிறேன், அங்கே என்ன வேலை என்று கேளுங்கள். யாருக்குக் கீழே, எந்தக் கணக்கைக் கண்ணில் காட்டுவார்கள், போன வருடம் வந்த பிள்ளை என்ன செய்தது என்று கேளுங்கள். போன வருடப் பிள்ளையின் போன் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. உதவித்தொகை, வாடகைக் கணக்கு எல்லாம் எழுதி எடுத்து வந்தேன், முந்திரியே தின்றுவிட்டது. ஒன்று மட்டும், இரண்டு இடத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் ஒன்றை உதறாதீர்கள். அடுத்த வருடம் உங்கள் கல்லூரிப் பிள்ளைகளை அவர்கள் கூப்பிடமாட்டார்கள். வணக்கம்.