1958 சுமத்ரா கலகம்: வீழ்த்தியது படை பலமா, கூட்டணிப் பலவீனமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1958 பிப்ரவரி 15 அன்று இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பாடாங் நகரில், தலைநகர் ஜகார்த்தாவின் மத்திய அரசுக்கு எதிராக ஒரு புரட்சி அரசு அறிவிக்கப்பட்டது. 1961-க்குள் அது அடங்கிப்போனது. ஜகார்த்தாவின் விமானமும் கப்பலும்தான் காரணம் என்று எதிரணித் தோழி முழங்கிவிட்டுப் போனார். அம்மா, குண்டு விழுந்தது உண்மை. ஆனால், எதிர்த்து நின்றது யார்?

புரட்சி மேடையில் இருந்தவர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் அகமது ஹுசேன் போன்ற படைத் தளபதிகள். சுமத்ராவின் ரப்பரும் சுலாவெசித் தீவின் கொப்பரையும் ஈட்டும் அந்நியச் செலாவணி தலைநகர் இருக்கும் ஜாவா தீவுக்குப் போகிறது, எங்கள் சிப்பாய்க்கு ஒழுங்கான குடியிருப்புகூட இல்லை என்பது அவர்கள் கோபம். நியாயமான கோபம், மறுக்க மாட்டேன். மறுபக்கம் ஜகார்த்தாவிலிருந்து வந்த பெரிய மனிதர்கள்: மத்திய வங்கி ஆளுநராயிருந்த ஷஃப்ருதீன், மஷூமி என்ற இஸ்லாமியக் கட்சியின் தலைவர் நத்சீர், பொருளியல் அறிஞர் சுமித்ரோ. இவர்களுக்கு வேண்டியது தலைநகரில் ஆட்சி மாற்றம். கம்யூனிஸ்டுகள் விலக வேண்டும், முன்னாள் துணை அதிபர் ஹத்தா ஆட்சிக்குத் திரும்ப வேண்டும். அவர்களுக்குக் கணக்கு மாகாணத்தில், இவர்களுக்குக் கணக்கு தலைநகரில்!

பிரிந்துபோகும் எண்ணம் இரு தரப்புக்குமே இல்லை. ஐந்து நாள் கெடு வைத்தால் ஜகார்த்தா பேச வரும் என்று நம்பினார்கள். போருக்கென்று ஆயத்தமாகவே இல்லை. விளைவு? மார்ச் 12-இல் எண்ணெய் வயல்களின் வாசலான பெக்கன்பாரு ஏறக்குறைய சண்டையில்லாமல் பறிபோனது. புரட்சிக்காரர்களுக்காக அமெரிக்கா வானிலிருந்து போட்ட ஆயுதப் பெட்டிகள் விமான நிலையத்திலேயே அரசுப் படையின் கையில் சிக்கின. ஏப்ரல் 17-இல் பாடாங்கும் பெரிய எதிர்ப்பின்றி வீழ்ந்தது. துப்பாக்கி இருந்தது ஐயா, அதைத் தூக்க ஒரே மனம்தான் இல்லை.

தளபதிகளுக்குள்ளாவது ஒற்றுமை உண்டா? வட சுமத்ராவின் மேடானில் தளபதி சிம்போலன் 1956 டிசம்பர் 22-இல் மத்திய அரசோடு உறவை முறித்தார். ஐந்தே நாளில் அவருக்குக் கீழிருந்த ஜமின் கிந்திங்ஸ் பதவியைப் பிடித்துக்கொண்டு ஜகார்த்தா பக்கம் நின்றார். எண்ணெயும் ரப்பரும் கொழிக்கும் தென் சுமத்ராவின் பாலெம்பாங்கில் தளபதி பர்லியான் புரட்சி அரசில் சேரவே இல்லை. இந்த இரண்டு ஊர்களும் கைவிட்டதை எந்த விமானம் செய்தது? எதிரணி சொல்லட்டும்!

கடைசியாக ஒன்று. சரணடைவதில்கூட இரு தரப்பும் ஒன்றாக நிற்கவில்லை. 1961 ஜூனில் ஹுசேன் தன் ஆட்களோடு சரணடைந்தார். புரட்சி அரசின் பிரதமரான ஷஃப்ருதீன் அப்போதும் காட்டில்தான் இருந்தார். அவர் வெளியே வந்தது ஆகஸ்டில்.