இரத்ததானத்துக்கு முன் வைட்டமின் மாத்திரை தேவையா?

நேயர்களுக்கு வணக்கம். இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே வைட்டமின் சி, ஈ போன்ற, ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைப் போட்டால், கொடுக்கும் இரத்தம் கெடாமல் நிற்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பிரித்தெடுத்த சிவப்பணுக்களை உப்பு, அடினின், குளுக்கோஸ், மானிட்டால் கலந்த திரவத்தோடு 2 முதல் 6 டிகிரியில் 42 நாள் வரை வைக்கலாம். அந்தக் குளிரிலும் அணுக்கள் குளுக்கோஸை எரித்துக்கொண்டே இருக்கும். லாக்டிக் அமிலம் சேரும், ஆற்றல் குறையும், பொட்டாசியம் வெளியே கசியும். திசுக்களுக்கு ஆக்சிஜனை விட்டுக்கொடுக்க உதவும் டி.பி.ஜி. என்ற பொருள் இரண்டே வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் வேதிக் கழிவுகள் அணுவின் சவ்வை அரிக்கும். தட்டையான அணு முள்முள்ளாகிச் சில உடைந்தும் போகும். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, பழுதான நொதிக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதனால் முடியாது.

அப்படியானால் தடுப்பு மருந்தை முன்கூட்டியே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். வைட்டமின் சி-யில் கணிசமான பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைந்திருக்கும். இரத்த வங்கியில் பையைச் சுழற்றிப் பிளாஸ்மாவைத் தனியே எடுத்துவிடும்போது அந்தப் பங்கும் கூடவே போய்விடும். எவ்வளவு விழுங்கினாலும், தினம் 400 மில்லிகிராமுக்கு மேல் பிளாஸ்மாவில் அளவு பெரிதாக ஏறாது, மிச்சம் சிறுநீரில் போகும். வைட்டமின் ஈ சவ்விலேயே தங்குவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கொடையாளருக்குக் கொடுப்பதால் நோயாளி பிழைப்பது கூடுகிறது என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. 2015-இல் வெளியான ஏபிள், 2016-இல் வெளியான இன்ஃபார்ம் ஆகிய பெரிய ஆய்வுகளில், பல நாள் வைத்திருந்த இரத்தத்துக்குப் பதில் புதிய இரத்தம் ஏற்றியதால் இறப்பு குறையவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கெடுதலும் உண்டு. சிவப்பணுவைச் சேதத்திலிருந்து காக்கும் ஜி6பி.டி. என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்கள் வைட்டமின் சி-யை மிக அதிக அளவில் எடுத்தால் சிவப்பணுக்கள் உடையக்கூடும். பலருக்குத் தமக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாது. வைட்டமின் ஈ அளவு மிஞ்சினால் இரத்தம் உறைவதும் தளரும். ஆகவே கொடையளிக்கும் முன் நிரப்பும் படிவத்தில், மூலிகை உட்பட நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை மட்டும் கொடுக்கும் தட்டணுக் கொடை என்றால் ஆஸ்பிரின் போட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பையின் தரத்தைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள்: எடுக்கும்போது இரத்தம் உறைதடுப்பானோடு நன்றாகக் கலக்க வேண்டும், குளிர்ச் சங்கிலி அறுபடக்கூடாது. வார்டில் நெடுநேரம் வெளியே கிடந்த பையைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைப்பது பெரிய தவறு.

கொடையாளருக்கு உண்மையில் குறைவது இரும்பு. 450 மில்லிலிட்டர் கொடுத்தால் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் போகிறது. அதை ஈடுகட்டத்தான் வைட்டமின் சி உதவும், அதுவும் கொடைக்குப் பிறகு: கீரை, பருப்புச் சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள். டீ, காபியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.