லண்டன் – நியூயார்க்: போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம், ஏன்?

வணக்கம். லண்டனிலிருந்து நியூயார்க் போகும் டிக்கெட்டைப் பாருங்கள், கிட்டத்தட்ட 8 மணி நேரம் என்று போட்டிருக்கும். திரும்பி வருவதற்கு 7 மணி நேரம்தான். அதே ரெண்டு ஊர், அதே விமானம், தூரமும் அதே 5,550 கிலோமீட்டர் சொச்சம். அப்புறம் ஏன் ஒரு மணி நேரம் வித்தியாசம்?

முதலில் தூரம். (திரையில் உலக உருண்டை) தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குறுக்கு வழி ஆகாது. உருண்டையில் லண்டன் மேல் ஒரு விரல், நியூயார்க் மேல் ஒரு விரல் வைத்து, நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் அயர்லாந்தைத் தாண்டி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வழியாகக் கீழே இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 5,550.

சரி, இப்போது காற்று. விமானம் மேலே போனதும் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும், ஆனால் அது காற்றுக்குள் அதன் வேகம், தரையில் அளக்கும் வேகம் வேறு. அந்த உயரத்தில், சுமார் 10 கிலோமீட்டர் மேலே, மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக.

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான். காற்று பலமாக இருக்கும் ஒரு நாளில் அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் என்று வையுங்கள், மேலே ஏறி இறங்கும் நேரம், ஓடுபாதையில் போகும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. லண்டனுக்கு வரும்போது 900 கூட்டல் 150, அதாவது 1,050. பறக்கும் நேரம் 5 மணி 17 நிமிடம். நியூயார்க் போகும்போது 750. 7 மணி 24 நிமிடம். ரெண்டையும் கூட்டினால் 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடத்தில் போய்த் திரும்பியிருக்கலாம்! ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போனதோடு சரிக்குச் சரியாகும் என்றுதான் நாம் நினைப்போம், ஆனால் எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது, அதனால் நஷ்டம்தான் பெரிது.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வந்தபோது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. வழியில் அதன் உச்ச வேகம், தரையில் பார்த்தால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல், ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் அட்லாண்டிக்கின் மேல் விமானப் பாதைகளைத் தினமும் காற்றைப் பார்த்துப் புதிதாகப் போடுகிறார்கள். மேற்கே போகும் விமானம் ஜெட் ஸ்ட்ரீமைச் சுற்றிக்கொண்டு, நூறு இருநூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

கடைசியாக ஒன்று, டிக்கெட்டில் இருக்கும் ரெண்டு நேரத்தையும் கழித்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பினால் நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு இறங்குவீர்கள். கடிகாரத்தில் 3 மணி நேரம், அதோடு ஊர் நேர வித்தியாசம் 5, ஆக 8.