வேலூர்ச் சிப்பாயின் நெற்றி: 28 மில்லிமீட்டரில் 1806

[காட்சி: விரல் நுனியில் நிற்கும் ஒரு சிறிய உலோகச் சிப்பாய்]

வணக்கம். என் விரலில் நிற்பவர் பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர். மேசையில் பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் வார்கேம் ஆட்டத்துக்கான மினியேச்சர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய். இன்று இவரை 1806 மே மாதத்து வேலூர்க் கோட்டையில் நிறுத்தப் போகிறோம்.

புரட்சி வெடித்தது ஜூலை 10 ஆயிற்றே, மே மாதம் எதற்கு? தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் ஒரு புதிய தலைப்பாகை வந்தது. ஐரோப்பியத் தொப்பியின் சாயல், அதில் தோல் குஞ்சம். கூடவே உத்தரவுகள்: சீருடையில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாலியன் மே மாதமே அந்தத் தலைப்பாகையை மறுத்துவிட்டது. 21 பேர் மீது ராணுவ விசாரணை நடந்தது. இருவருக்குக் கசையடி, வேலையும் போயிற்று. 19 பேர் மன்னிக்கப்பட்டார்கள். நான் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பது அந்த 21 பேரை.

சரி, வேலையைத் தொடங்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த உருவத்துக்கு முதலில் பிரைமர், அதாவது வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு. மழைக்காலத்தில் ஸ்ப்ரே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும், பிரஷால் பூசுங்கள். கறுப்பை விட செம்பழுப்பு நல்லது, ஏனென்றால் அடுத்து வருவது சிவப்பு.

[காட்சி: இரண்டு சிவப்புகள் அருகருகே]

இந்தச் சிவப்பில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். டப்பாவைத் திறந்து பளிச்சென்ற சிவப்பை அப்படியே பூசிவிடுகிறார்கள். அன்றைய பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் துணி மேடர் என்ற செடியின் வேரால் சாயமேற்றப்பட்டது. நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி அதன் நெருங்கிய உறவு. அது தரும் நிறம் செங்கல்லை ஒட்டியது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. விலை அதிகம், அதிகாரிகளுக்கு உரியது. ஆகவே சிவப்பில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, இரண்டு மூன்று முறை பூசுங்கள். மடிப்புகளில் பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம். மேட்டுப் பகுதிகளில் ஆரஞ்சு. அங்கே வெள்ளையைக் கலந்தால் சட்டை ரோஜா நிறமாகிவிடும், அப்புறம் மீட்பது கஷ்டம்.

நம் வெயிலில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது அல்லவா? பழைய டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரியுங்கள். கலந்த வண்ணம் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

மார்பில் குறுக்குப் பட்டைகளும் தொடை வரைக்குமான கால்சட்டையும் வெள்ளை. வெளிர் சாம்பலில் தொடங்கி, விளிம்பில் மட்டும் வெள்ளை.

இப்போது தோல். கால் முழுக்கத் தெரிகிறது, பாதத்தில் வெறும் செருப்பு. ஆக, இந்த உருவத்தில் சட்டைக்கு நிகரான இடம் தோலுக்கு உண்டு. 'சதை நிறம்' என்று வரும் டப்பாக்களில் பெரும்பாலானவை ஐரோப்பியருக்கானவை. அதில் பழுப்பைக் கலந்து சமாளிக்காதீர்கள், முகம் சாம்பல் பூத்துவிடும். அடர் பழுப்பில் துளி சிவப்பு, துளி காவி மஞ்சள், அதுதான் அடிப்படை. மூக்கு, கன்னம், முழங்கால் மேல் காவியைக் கூட்டுங்கள். 21 பேருக்கும் ஒரே கலவை போடக் கூடாது. ஒரு தெருவில் நடந்து பாருங்கள், எத்தனை நிறம்! நான் நாலு கலவை வைத்திருக்கிறேன்.

[காட்சி: முகம் மட்டும், மிக அருகில்]

கடைசியாக நெற்றி. தலைப்பாகைக்குக் கீழே கிடைப்பது ஒரு மில்லிமீட்டர்தான். இதற்காக மிகச் சிறிய பிரஷ் வாங்க வேண்டாம். அதன் நுனியில் வண்ணம் உடனே காய்ந்துவிடும். நுனி கூர்மையான 1ஆம் எண் பிரஷ் போதும். விபூதிக்கு மூன்று கோடு கொள்ளாது, வெளிர் சாம்பலில் ஒரே கோடு. நாமத்துக்குச் செங்குத்தாக ஒரு தொடுகை. படையில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருந்தார்கள், அதனால் சிலருக்குக் குறி, சிலருக்குத் தாடி. காதில் பொன்னிறப் புள்ளி ஒன்று, கடுக்கன்.

இவற்றை வைக்காமல் விட்டால் உருவம் இன்னும் சுத்தமாகத் தெரியும், உத்தரவுப்படி நிற்கும் சிப்பாய் போல. எனக்கு அது வேண்டாம். ஜூலைக்குப் பிறகு கம்பெனியே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

பளபளக்காத மேட் வார்னிஷ் பூசி, அடித்தட்டில் ஃபெவிகால் தடவி மணலை ஒட்டுங்கள். 19 பேரை ஒரே தட்டில் வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். கசையடி வாங்கிய இருவருக்கும் தனித்தனித் தட்டு, வரிசைக்கு முன்னால்.