பாட்டி கேட்டது பண உதவி, கேஸ் வேற

வணக்கம் மக்களே! பினாங்குல சமூகப் பணியாளரா இருக்கேன்னு சொன்னாலே, "அரிசி, பருப்பு கொடுப்பீங்களே, அதானே?"ன்னு கேக்கிறாங்க. தேவைன்னா அதுவும் செய்வோம். ஆனா கேஸ் ஒர்க்குங்கிறது, ஒரு குடும்பத்தோட உக்காந்து அவங்க சிக்கலோட அடி எங்க இருக்குன்னு தேடுற வேலை.

இங்க பிறைங்கிற ஊர்ல ஒரு பிளாட்டுன்னு வெச்சுக்குவோம். ஒரு பாட்டி பேரனை வளர்க்கிறாங்க. கெபாஜிக்கான்ல, அதாவது சமூகநல இலாகாவுல, பண உதவி கேட்டு விண்ணப்பப் பாரம் கொடுத்திருக்காங்க. வீட்டுக்குப் போனதும் நான் பாரத்தை எடுக்கவே மாட்டேன். "பாட்டி, முட்டிவலி எப்படி இருக்கு? பையன் எங்க?" இப்படித்தான் பேச்சு போகும். வாடகைப் பாக்கியில ஆரம்பிச்சு, மெதுவா பையன்கிட்ட வந்து நிக்கும். 12 வயசாச்சு, ஐசி (அடையாள அட்டை) எடுக்க முடியல.

அப்பா மலேசியர். அம்மா தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவங்க. கோயில்ல தாலி கட்டினாங்க, பதிவு பண்ணல. முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்தை 1982 மார்ச் 1லேர்ந்து கட்டாயம் பதிவு பண்ணணும். பதிவு இல்லன்னா பிள்ளைக்குத் தாயோட குடியுரிமைதான். அப்பா இங்க பொறந்தவரா இருந்தும் பையனுக்கு அது வந்து சேராது. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. தாலி கட்டுற அன்னிக்கு யாராவது ஒருத்தர் எடுத்துச் சொல்லியிருக்கலாம்!

அப்புறம் திட்டம். பிறப்புப் பத்திரம், அப்பாவோட ஐசி, இதெல்லாம் பாட்டி தேடி எடுப்பாங்க. நான் கடிதம் எழுதி, ஜேபிஎன்னுக்கு (தேசியப் பதிவு இலாகா) அவங்க கூடப் போவேன். அரசியலமைப்போட 15ஏ பிரிவுல பையனுக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பம் போடலாம். கொடுக்கிறதும் மறுக்கிறதும் அரசாங்கத்தோட முடிவு, அதனால "கண்டிப்பா கிடைச்சிடும் பாட்டி"ன்னு நான் வாக்குக் கொடுக்கவே மாட்டேன். ஒவ்வொரு தடவை பேசினதும் ஃபைல்ல எழுதி வைப்போம். நான் மாறிப் போனாலும், அடுத்து வர்றவங்ககிட்ட பாட்டி முதல்லேர்ந்து அழுது சொல்ல வேண்டியதில்ல.

புருஷன் அடிக்கிற வீட்டுல இது இன்னும் கஷ்டம். "விட்டு வந்துடுங்க அக்கா"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்லக் கூடாது. என்னென்ன வழி இருக்குன்னு எடுத்து வைப்போம், முடிவு அவங்களோடது. 2018லேர்ந்து அவசரப் பாதுகாப்பு உத்தரவு இருக்கு. போலீஸ் புகார் இல்லாமலே கெபாஜிக்கான் அதிகாரி கொடுக்கலாம், 7 நாள் செல்லும். பேசினது எதையும் வெளிய விடமாட்டோம். ஆனா பிள்ளை மேல அடி விழுதுன்னு தெரிஞ்சா மறைக்க மாட்டோம், அதை அவங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம்.

உங்களுக்கோ பக்கத்து வீட்டுக்கோ தேவைன்னா தாலியான் காசேங்கிற உதவி லைன் 15999க்குப் போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. பிளாக் நம்பர், மாடி, வீட்டு நம்பர் மூணையும் தெளிவா சொல்லுங்க.