ப்ளோயர் சொல்றத கொஞ்சம் கேளுங்க

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு கார்ல காத்து வராத பிரச்சனைய பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். ஏசிய போட்டா காத்தே வரல, இல்லன்னா ஃபுல் ஸ்பீடுல மட்டும் வருது, இல்லன்னா டேஷ்போர்டுக்குள்ள இருந்து கரகரன்னு ஒரு சத்தம் வருது, இதுல ஏதாவது ஒண்ணு கார் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் எப்பவாவது வந்திருக்கும். நான் ரொம்ப வருஷமா கார் எலக்ட்ரிக்கல் வேலை பாக்கறேன், அதுல இந்த ப்ளோயர் வேலைன்னா எனக்கு தனி இஷ்டம், ஏன்னா எங்க கோளாறுன்னு பாதி வண்டிங்க அதுவாவே சொல்லிரும், நாமதான் அத கேக்காம ஸ்க்ரூ டிரைவர தூக்கிடறோம்.

முதல்ல ஒரு விஷயம். ஹீட்டருக்கும் ஏசிக்கும் காத்து அனுப்பறது ஒரே ஃபேன்தான். அதுதான் ப்ளோயர். பெரும்பாலான கார்ல குளோவ் பாக்ஸுக்கு பின்னாடி, கொஞ்சம் கீழ உக்காந்திருக்கும். இத ஏன் சொல்றேன்னா, காத்து வரலன்னதும் நிறைய பேர் நேரா போய் கேஸ் ஃபில் பண்ணிட்டு வந்துடறாங்க. கேஸ் காத்த குளிர வைக்கும், அவ்வளவுதான், காத்த தள்ளாது. காத்து வர்றது வேற, காத்து சில்லுன்னு வர்றது வேற. இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பாதி செலவு மிச்சம். இன்னொண்ணு, இது சொகுசு சமாச்சாரம் இல்ல, மழையில முன்கண்ணாடி உள்பக்கம் பனி படிஞ்சா அத துடைச்சு எடுக்கறதே இந்த ஃபேன்தான், ப்ளோயர் போச்சுன்னா ரோடு தெரியாது. அதனால அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

சரி, கார் என்ன சொல்லுதுன்னு பாப்போம். ஒண்ணு ரெண்டு மூணுல காத்து வரல, கடைசி ஸ்பீடுல மட்டும் ஜோரா வருதுன்னா மோட்டார் உயிரோட இருக்குன்னு அர்த்தம், போனது ரெசிஸ்டர். எப்படின்னா, நாப் திருப்பற மாதிரி வண்டிங்கள்ல குறைஞ்ச ஸ்பீடுக்கெல்லாம் கரண்ட் ரெசிஸ்டர் வழியாதான் போகும், அது கொஞ்சத்த தடுத்து வச்சு மோட்டார மெதுவா ஓட்டும். ஃபுல் ஸ்பீடு வச்சா ரெசிஸ்டர விட்டுட்டு கரண்ட் நேரா மோட்டாருக்கு போயிரும். அதான் ஃபுல் மட்டும் வேலை செய்யுது. அப்படியே தலைகீழா, மத்த ஸ்பீடு எல்லாம் வருது ஃபுல் மட்டும் வரலன்னா ரெசிஸ்டர தொடாதீங்க, அந்த ஃபுல் ஸ்பீடு ரிலேயோ (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற ஒரு குட்டி பெட்டி), ஸ்விட்ச்சோ அதோட வயரோதான்.

ரெசிஸ்டர் போச்சு, புதுசு மாட்டியாச்சு, வேலை முடிஞ்சுதான்னா, இங்கதான் எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். ரெசிஸ்டர் சும்மா போறதில்ல. எதுவோ அத எரிச்சிருக்கு. அந்த எதுவோவ தேடாம புதுசு மாட்டினா அதுவும் எரியும். ஒரு டாக்ஸி ஓட்டற அண்ணன் என்கிட்ட வண்டி கொண்டு வந்தாரு, வேற ஒரு இடத்துல ரெசிஸ்டர் மாத்தி மாத்தி கொடுத்திருக்காங்க, மாத்தினா கொஞ்ச நாள் ஓடும், மறுபடி ஃபுல் ஸ்பீடு மட்டும்தான். "பார்ட்டே டூப்ளிகேட்டா வருது தம்பி"ன்னாரு. நான் சொன்னேன், அண்ணே பார்ட் மேல பழி போடறதுக்கு முன்னாடி மோட்டார ஒரு வாட்டி பாத்துருவோம்னு. குளோவ் பாக்ஸ இறக்கி ரெசிஸ்டரோட கனெக்டர கழட்டினா வெள்ளை பிளாஸ்டிக்குல ஒரு பின்ன சுத்தி மட்டும் பழுப்பு ஏறி, ஓரம் உருகி வழிஞ்சிருக்கு, மூக்குகிட்ட கொண்டு போனா கருகின வாடை. அப்புறம் மோட்டார வெளிய எடுத்து பாத்தா அந்த கூண்டு மாதிரி ஃபேனோட ரெக்கை இடுக்குல எல்லாம் சருகுத் தூளும் முடியும் பஞ்சும் அடைஞ்சு கிடக்கு. விரலால சுத்தி விட்டேன். நல்ல மோட்டார்னா தானா கொஞ்சம் சுத்திட்டுதான் நிக்கும், இது விரல எடுத்த இடத்துலயே நின்னுருச்சு. திரும்ப மாட்டி ஓட விட்டு, வயர சுத்தி கவ்வி கரண்ட் அளக்கற கிளாம்ப் மீட்டர் வச்சா ஃபுல் ஸ்பீடுல 26 ஆம்பியர் இழுக்குது, புது மோட்டார் மாட்டி அதே மீட்டர்ல பாத்தா 17. அந்த கூடுதல் கரண்ட்தான் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் எரிச்சுட்டு இருந்துச்சு.

இதுல அந்த பழுப்பு பின் இருக்கு பாருங்க, அதையும் சொல்லணும். பின் லூசா இருந்தா அங்க ஒரு சின்ன தடை உருவாகும். பூஜ்ஜியம் புள்ளி ஒண்ணு ஓம்தான்னு வைங்களேன், ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா 20 ஆம்பியர் அது வழியா போச்சுன்னா அந்த ஒத்த பின்ல 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்ன பிளாஸ்டிக்குக்குள்ள சொருகி வச்ச மாதிரி. உருகாம என்ன பண்ணும்? அதனால ரெசிஸ்டர் மாத்தறப்ப கனெக்டர பாருங்க, நிறம் மாறியிருந்தா வயரோட வர்ற புது கனெக்டரும் சேத்து போடச் சொல்லுங்க. பழைய கனெக்டர புது ரெசிஸ்டர்ல சொருகினா அதே சூடு அதே இடத்துல மறுபடி வரும்.

ரெசிஸ்டர் காத்து போற வழியிலயே உக்காந்திருக்கும், அந்த காத்துலதான் அது குளிரணும். ஏசி ஃபில்டர் அடைச்சிருந்தா காத்து குறையும், ரெசிஸ்டர் குளிராது, அதுவும் எரியறதுக்கு ஒரு காரணம். சூடு எல்லை மீறினா அறுந்துபோற மாதிரி ஒரு தெர்மல் ஃபியூஸ நிறைய ரெசிஸ்டர்லயே வச்சிருப்பாங்க. சில பேர் அத ஒரு துண்டு வயர் வச்சு ஜம்ப் பண்ணி, பாருங்க ஓடுதுன்னு அனுப்பிடறாங்க. தயவு செஞ்சு இத ஒத்துக்காதீங்க. டேஷ்போர்டுக்குள்ள தீ பிடிக்கக் கூடாதுன்னு வச்ச காவல் அது. அதே மாதிரி 30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு 40 போடறது. ஃபியூஸ் போகுதுன்னா மோட்டார் இறுகுது, இல்ல எங்கயோ வயர் உரசுது, அத தேடணும், ஃபியூஸ பெருசாக்கினா அடுத்து எரியறது வயர்தான்.

எந்த ஸ்பீடுலயும் காத்து வரலன்னா என்ன பண்றது? முதல்ல ஃபியூஸ், அடுத்து ரிலே. ஃபியூஸ் பாக்ஸ்ல அதே நம்பர் போட்ட வேற ரிலே இருந்தா மாத்தி சொருகி பாருங்க, காசில்லாத சோதனை. அப்புறம் ஸ்விட்ச ஃபுல்ல வச்சுட்டு மோட்டார் மேல ஸ்க்ரூ டிரைவர் பிடியால லேசா தட்டுங்க. தட்டினதும் ஓடுச்சுன்னா உள்ள சுத்தற பாகத்துக்கு கரண்ட் கொடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, மோட்டார் இன்னும் கொஞ்ச நாள்தான். தட்டியும் ஓடலன்னா மோட்டார் கனெக்டரோட ரெண்டு பின்னுக்கும் நடுவுல கரண்ட் வருதான்னு பாக்கணும். இங்க மீட்டர மட்டும் நம்பாதீங்க, வயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஒரு பழைய ஹெட்லைட் பல்ப அந்த ரெண்டு பின்லயும் கொடுத்து பாருங்க, பளிச்சுன்னு எரிஞ்சா வயர் நல்லாருக்கு மோட்டார் போச்சு, மங்கலா எரிஞ்சா மோட்டார் பாவம், கோளாறு வழியில இருக்கு. இன்னொரு எச்சரிக்கை, அந்த இடத்துல மஞ்சள் கலர் கனெக்டர் எதாவது கண்ணுல பட்டா தொடாதீங்க, அது ஏர்பேக்கோடது.

ஆட்டோமேட்டிக் ஏசி வண்டிங்கள்ல ரெசிஸ்டருக்கு பதிலா ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அது கெட்டா பல சமயம் ஃபேன் நிக்கவே நிக்காது, சாவிய எடுத்தும் சில வண்டியில ஓடிட்டே இருந்து பேட்டரிய காலி பண்ணிரும். ஆனா அதுவும் மோட்டார் அதிகமா இழுத்தா எரியறதுதான், நான் முன்னாடி சொன்ன அதே கதைதான்.

சத்தம். டிக் டிக்குனு ஸ்பீடுக்கு ஏத்த மாதிரி வேகமானா ஃபேன்ல சருகு மாட்டியிருக்கு, கீச்சுன்னு கத்தினா மோட்டாரோட புஷ், அதாவது தண்டு சுத்தறப்ப அத தாங்கற வளையம், காஞ்சிருக்கு. ஃபேன் சத்தம் பெருசா கேக்குது காத்து மட்டும் கம்மின்னா ஃபில்டர எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. பொதுவா 10,000-லருந்து 20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தணும், புழுதி ரோடுன்னா இன்னும் முன்னாடியே. புதுசு போடறப்ப அதுல போட்டிருக்கற அம்புக்குறி காத்து போற திசைய பாத்து இருக்கணும். சில வண்டியில முதல்ல நல்லா காத்து வரும், அரை மணி நேரம் ஓட்டினா மெல்ல குறைஞ்சுடும், ஃபேன் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். அது ப்ளோயரே இல்ல, கூலிங் காயில்ல ஐஸ் கட்டியிருக்கு. ஏசி பட்டன மட்டும் அணைச்சுட்டு ஃபேன ஓட விடுங்க, ஐஸ் உருகி காத்து திரும்ப வந்தா உறுதி.

நேரம் ஆயிருச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டறாங்க, வண்டிக்கு முன்னாடி ஏசி கேஸோட சூட்ட வெளிய தள்ளற கன்டென்சர் ஃபேன் பத்தி நிதானமா பேசணும்னு நினைச்சிருந்தேன், ஒரு வார்த்தையில சொல்லிடறேன். வண்டி ஓடறப்ப சில்லுன்னு இருந்து சிக்னல்ல நின்னா சூடு காத்து வருதுன்னா ப்ளோயர விட்டுட்டு முதல்ல அந்த முன் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. பாக்கறப்ப கைய மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, இன்ஜின் நின்ன பிறகும் அது திடீர்னு தானா சுத்தும். நன்றி, வணக்கம்.